கார் அடிப்பாக மேல்துரு
காரின் அடித்தகட்டில் பெயின்ட் உரிந்த இடத்தில், ஈரமும் ஆக்சிஜனும் இரும்போடு வினைபுரிந்து உண்டாகும் செம்பழுப்புப் படலம். உப்பு இதை விரைவுபடுத்தும். எனவே கடற்கரை ஊர்களிலும், பனி உருகச் சாலையில் உப்புத் தூவும் குளிர்நாடுகளிலும் மிகுதி. ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்தும்போது தகடு கெட்டியாக நின்றால் மேல்துருதான். பொத்துக்கொண்டால் வெல்டிங் வேலை.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழையக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். சேற்றைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். குழிகளில் தங்கும் துருவுக்குத் துருமாற்றி பூசலாம். அதிலுள்ள டானிக் அமிலம் துருவைக் கருநிறச் சேர்மமாக்கும். பாஸ்பாரிக் அமிலம் இரும்பு பாஸ்பேட்டாக்கும். காய்ந்தபின் எபாக்சி பிரைமர், அதன்மேல் பெயின்ட். துத்தநாகப் பிரைமருக்கு வெற்று இரும்பு வேண்டும். துருமாற்றியின் மேல் அடித்தால் வீண்.

துருவைச் சுரண்டாமலே கருப்பு ரப்பர் கோட்டிங் அடித்துவிடுவது பரவலான பழக்கம், கெட்ட பழக்கமும்கூட: ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, வெளியே தெரியாமல் தகட்டை அரிக்கும். சைலன்ஸர், பிரேக் டிஸ்க், ரப்பர் புஷ் ஆகியவற்றில் பூச்சு படக் கூடாது. கதவுக்குக் கீழுள்ள நீர்வடி துளைகளையும் அடைக்கக் கூடாது.