கதிர்காமப் பாதையில் ஒரு பகல்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

வைகாசி மாதத்தில் வேலோடும் தோள்மூட்டையோடும் நம்ம ரோட்டால் ஆட்கள் நடந்து போவதைக் கண்டிருப்பீர்கள். அது கதிர்காமப் பாதயாத்திரை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கி, வற்றாப்பளைப் பொங்கலுக்கு இங்கே வந்து, முல்லைத்தீவு, கொக்கிளாய், திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று போய், குமண, யால காடுகளைக் கடந்து கதிர்காமத்தில் முடியும். 500 கிலோமீற்றருக்கு மேல், ஒன்றரை மாத நடை. போய்ச் சேர்ந்த இடத்தில் முருகன் கோயில் மட்டுமல்ல, ஹிள்ர் நபியின் பெயரோடு சொல்லப்படும் பள்ளிவாசலும், பால்குடி பாவாவின் அடக்கஸ்தலமும் இருக்கின்றன. அகீதா விவாதத்துக்குள் நான் போகவில்லை. வரலாற்றைத்தான் சொல்கிறேன்.

போன வருடம் இந்தப் பாதையில் ஒரு துண்டை நானும் நடந்து பார்த்தேன். முல்லைத்தீவிலிருந்து நாயாறு வரை, சுமார் 20 கிலோமீற்றர். கூட வந்தவர் கொக்குத்தொடுவாயைப் பூர்வீகமாகக் கொண்ட சக ஆசிரியர். சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். சிலாவத்தை, அளம்பில், செம்மலை. ஏற்ற இறக்கம் இல்லாத பாதை. இடப்பக்கம் கடல் இரைந்துகொண்டே வரும். கஷ்டம் வெயில் மட்டும்தான். அளம்பிலில் ஒரு அம்மா, "தம்பி, கதிர்காமத்துக்கோ?" என்று கேட்டு மோர் தந்தா. என் தொப்பியைக் கண்ட பிறகும் செம்பைத் திருப்பி வாங்கவில்லை, இன்னும் ஊற்றினா.

நாயாற்றுப் பாலத்தில் குந்தியிருந்தபோது நண்பர் தெற்கே கையைக் காட்டினார். "சேர், 1984 டிசம்பரில எங்கட சனம் இந்த ரோட்டாலதான் ஓடி வந்தது." கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய், நாயாறு எல்லாம் வெறுமையாகின. அந்தச் சனம் ஊர் திரும்பியது 2009க்குப் பிறகுதான். ஊரே இல்லாத இடத்தால் யாத்திரை எப்படிப் போகும்? போரில் வடக்குப் பாதை அறுந்தது. 1972இல் இந்த நடையில் சேர்ந்த பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கர் போன்றவர்கள் 1988இலிருந்து கிழக்கில் அதை உயிர்ப்பித்து வைத்திருந்தார்கள்.

நான் 1990 ஒக்டோபரைச் சொன்னேன். வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டோம். எனக்கு ஒன்பது வயது. வாப்பாவின் தோளில் தங்கச்சி, உம்மாவின் கையில் ஒரு பை. எங்கே போகிறோம் என்று கேட்டேன், வாப்பா பதில் சொல்லவில்லை. அதுவும் ஒருவழி நடைதான்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பஸ் பிடித்துத் திரும்பினோம்.

யாத்திரிகரும் திரும்பி நடப்பதில்லை. ஆனால் அவர்கள் விரும்பிப் புறப்படுகிறார்கள், வழியில் ஊர்கள் சோறு போடுகின்றன. விரட்டப்பட்டவனுக்கு அந்த இரண்டும் இல்லை. பாதையைக் காப்பாற்றுவது தார் அல்ல, ஓரத்தில் இருக்கும் சனம்.

மீள்குடியேறியும் காணி, காடு என்று நமக்குள் மனக்கசப்புகள் இருக்கின்றன. அவை பேசித் தீர வேண்டியவை. அதற்காகக் காத்திராமல் ஒன்று செய்யலாம். நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், தண்ணீரூற்று இளைஞர்களே, வருகிற வைகாசியில் நாமும் ஒரு தண்ணீர்ப்பந்தல் போடுவோமா? மோருக்கு நான் பொறுப்பு.

சம்மதமென்றால் கீழே பெயரை எழுதுங்கள்.