முள்வேலியும் நகர எல்லையும்: பேராக்கில் புதுக்கிராமமும் தோட்ட லயமும்

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதை அடுத்து மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் பரவியிருந்த, பெரும்பாலும் சீனரான குடியானவர்கள் முள்வேலிக்குள் குடியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 480 புதுக்கிராமங்கள், 5 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். ஈப்போவை ஒட்டிய கம்போங் சீமி, குனோங் ராப்பாட், பெர்ச்சாம் அப்படி எழுந்தவையே.

அதே ஆண்டுகளில் ரப்பர் தோட்டங்களில் சிதறிக் கிடந்த, தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களும் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு வேலியிடப்பட்டன. அங்கும் ஊரடங்கு, வாயிற்சோதனை, அரிசிக் கட்டுப்பாடு. ஆனால் புதுக்கிராமம் பற்றி அலமாரி நிறைய எழுதியிருக்கிறோம். தோட்ட வேலி பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. இரண்டையும் படைத்தேவையால் உருவான குடியிருப்பு என்ற ஒரே வகையில் வைத்தால்தான் பின்னாளைய எல்லைச் சிக்கல் விளங்கும் என்பது என் வாதம்.

இரண்டும் பிரிந்தது 1952இல். அவ்வாண்டின் ஊராட்சி மன்றச் சட்டத்தின்கீழ் பல புதுக்கிராமங்கள் தேர்தலும் வரிவசூலும் கொண்ட மன்றங்களைப் பெற்றன. அவற்றின் வேலி நிர்வாக எல்லையானது. தோட்டத்தின் வேலியோ சொத்து எல்லையாகவே நின்றது. லயம் தனியார் நிலம். தண்ணீர், சாக்கடை, வீடு எல்லாம் துரையின் பொறுப்பு. 1990இன் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டமும் அந்தக் கடமையை முதலாளியிடமே வைத்தது. முதலாளி நிலத்தை விற்றுவிட்டால் கடமையைச் சுமக்க யார் இருக்கிறார்? ஈப்போ 1962இல் நகராட்சியாகி, 1988இல் மாநகராகி வளர்ந்தபோது, அதன் சுற்றுப்புறத் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. எல்லைக்குள் வந்தது மண். தலைமுறைகளாக அதில் குடியிருந்தவரிடம் காட்டுவதற்குப் பட்டா இல்லை. வேலை முடிந்ததும் வீட்டைக் காலிசெய்ய வேண்டியவர் அவர். புதுக்கிராமத்தார் தற்காலிக உரிமத்தில் தொடங்கினாலும், பலர் காலப்போக்கில் குத்தகைப் பட்டா வரை சென்றனர்.

மறுப்பு ஒன்று எழலாம்: மன்றம் கிடைத்தவர்கள்தாம் என்ன கண்டார்கள்? நியாயமான கேள்வி. 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. பாதுகாப்பின் பெயரால் பிறந்த மன்றங்கள் பாதுகாப்பின் பெயராலேயே வாக்கை இழந்தன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியை வலியுறுத்தியது. ஆனால் 1976இன் ஊராட்சிச் சட்டம் நியமன முறையையே நிலைநிறுத்தியது. எல்லையை வரையறுப்பதும் மாநில அரசின் கையில் நின்றது. எனவே வாக்குரிமையளவில் இரு குடியிருப்புகளும் இன்று சமமே. பட்டாவில் அல்ல. ஆகவே லயத்தை மாநகர் எல்லைக்குள் சேர்க்கும்போது, குடியிருந்தவரின் நிலவுரிமையை முதலில் தீர்க்காமல் எல்லைக்கோட்டை மட்டும் நகர்த்துவது, 1952இன் விடுபடலை மறுபடியும் செய்வதாகும்.