நிகாஹ் ஓதி வைக்கும் அதிகாரம் யாருடையது? காஜிகள் சட்டம் சொல்லும் வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

கொல்லிமலையில் கடை வைத்திருக்கும் என் பால்ய நண்பர், தம் மகளின் நிகாஹை நானே ஓதி வைக்க வேண்டும் என்று விரும்பினார். மறுநாளே மீண்டும் அழைத்தார். குரலில் தயக்கம் இருந்தது. "ஹஜ்ரத், அரசாங்கம் நியமித்த காஜி ஓதி வைத்தால்தான் நிகாஹ் செல்லும் என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். உங்களிடம் அப்படி ஏதேனும் சான்று இருக்கிறதா?" என்று கேட்டார். நம் குடும்பங்கள் பலவற்றில் எழும் ஐயம் இது. இதற்கான விடை மார்க்கத்திலும் இருக்கிறது. நாட்டுச் சட்டத்தின் வரலாற்றிலும் இருக்கிறது.

மதீனாவில் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் ஆடையில் நறுமணச் சாயத்தின் அடையாளத்தைக் கண்ட பின்னரே, அவர் மணமுடித்த செய்தியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டறிந்தார்கள். மஹர் எவ்வளவு என்று விசாரித்தார்கள்; பரக்கத்திற்காக துஆச் செய்தார்கள்; ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்கச் சொன்னார்கள். தாம் ஓதி வைக்காத நிகாஹ் என்று அதை மறுக்கவில்லை. ஈஜாப், கபூல், வலி, சாட்சிகள், மஹர் ஆகியவையே நிகாஹின் அடித்தளம். குத்பா ஓதுவது சுன்னத்தான சிறப்பு.

அப்படியானால் காஜி எங்கிருந்து வந்தார்? முஸ்லிம் ஆட்சிக் காலங்களில் காஜி என்பவர் நீதிபதி. வழக்குகளைத் தீர்ப்பதோடு, வலி இல்லாத பெண்ணுக்குப் பொறுப்பேற்பதும் அவர் கடமையாக இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் நீதிமன்றங்கள் அரசின் கைக்கு மாறிய பிறகு, காஜியிடம் திருமணம் முதலிய சடங்குகளே பெரிதும் எஞ்சின. 1864ஆம் ஆண்டின் 11ஆவது சட்டம், அரசே காஜிகளை நியமிக்கும் முறையை நீக்கியது.

அரசு நியமித்த காஜியின் முன்னிலையில் திருமணம் நடத்துவதை வழக்கமாகக் கொண்டிருந்த ஊர்கள் இதனால் தடுமாறின. அக்குறையைப் போக்கவே 1880இல் காஜிகள் சட்டம் பிறந்தது. வைஸ்ராயின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த சர் சையத் அகமது கான் இதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். இச்சட்டம் முதலில் நம் சென்னை மாகாணத்துக்கே பொருந்துவதாக இயற்றப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு பகுதியின் முஸ்லிம்களில் கணிசமானோர் விரும்பினால், அங்குள்ள முக்கியப் பிரமுகர்களைக் கலந்தாலோசித்து, தகுதியானவரை அரசு காஜியாக நியமிக்கலாம். காஜி தமக்கு நாயிப் காஜிகளை அமர்த்திக்கொள்ளலாம்.

ஐந்தாறு பத்திகளில் அடங்கிவிடும் இச்சட்டத்தின் உயிர்நாடி அதன் 4ஆம் பிரிவு. நியமனத்தால் காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடைக்காது. எந்தத் திருமணத்திலும் அவர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. காஜியின் பணியை வேறு எவரும் செய்வதற்குத் தடையுமில்லை. இந்த மூன்றையும் அப்பிரிவு தெளிவாகச் சொல்லிவிடுகிறது. காஜி அளிக்கும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்தே, அதற்குச் சட்ட மதிப்பில்லை என்று 2017 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியதற்கும் இப்பிரிவே துணைநின்றது.

மற்ற சமூகங்களின் நிலையோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, குருப்பட்டமோ அரசின் உரிமமோ பெற்றவர், அல்லது அரசுத் திருமணப் பதிவாளர் நடத்தி வைத்தால்தான் திருமணம் செல்லும். மாறாக, சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கிய 1967ஆம் ஆண்டுத் திருத்தம், உற்றார் உறவினர், நண்பர்கள் முன்னிலையில் புரோகிதர் இன்றியே இந்துத் திருமணம் நடக்கலாம் என்றது. நம் நிகாஹோ, குருத்துவம் என்ற ஒன்றைத் தொடக்கம் முதலே வேண்டியதில்லை.

ஆயினும் அதிகாரச் சீட்டு வேண்டாம் என்பதால் பொறுப்பும் வேண்டாம் என்றாகிவிடாது. எழுத்தில் இல்லாத நிகாஹை ஒருவன் மறுத்துவிட்டால் துன்பப்படுபவள் பெண். மஹரையும் வாரிசுரிமையையும் நிலைநாட்ட அவளே அலைய நேரிடும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தாருக்கும் பொதுவானது. திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் 150 நாட்கள் வரை அவகாசம் உண்டு. கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கத்தில், வாழ்நாள் ஒப்பந்தத்தை எழுதாமல் விடலாமா?

நண்பரிடம் இதையெல்லாம் விளக்கினேன். "நான் வருகிறேன். ஆனால் மூன்று நிபந்தனைகள். மகளின் சம்மதத்தை நீங்களே நேரில் கேட்டு எனக்குச் சொல்ல வேண்டும். இரு தரப்பு ஜமாஅத்தின் கடிதமும் நிகாஹ் பதிவேடும் இருக்க வேண்டும். திருமணம் முடிந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்" என்றேன். சம்பந்தி வீட்டாரும் மனநிறைவோடு ஒப்புக்கொண்டனர்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலையேறினேன். குத்பாவை ஓதி முடித்து, சாட்சிகளை நோக்கி நிமிர்ந்தபோது நண்பரின் கண்கள் கலங்கியிருந்தன. அந்த மஜ்லிஸில் நான் எந்த அதிகாரியும் அல்லன். இரு குடும்பங்களும் நம்பி ஒப்படைத்த அமானிதத்தைச் சுமந்த ஒருவன் மட்டுமே.

நம் பிள்ளைகளின் இல்லறங்களில் அல்லாஹ் அன்பையும் கருணையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.