மடை திறந்தவர்களின் வரலாறு



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் குளங்கள் உடைந்து ஊர்கள் மூழ்கின. காலநிலை மாற்றத்தைத் தாங்கும் திறனை நம் வட்டாரங்களில் வளர்க்க வேண்டும் என்கிறார்கள். அந்தப் பேச்சில் ஏரி வருகிறது, தூர்வாருதல் வருகிறது, குடிமராமத்து வருகிறது. கரையைக் காத்த மனிதர் வருவதில்லை. அவருடைய வரலாற்றை நாம்தான் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. சில வாரங்களில் பெய்து ஓயும் மழையைச் சில மாதப் பயிருக்கு நீட்டித் தருவதே அவற்றின் வேலை. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களில் அந்த வேலையைப் பார்த்தவர் நீர்க்கட்டி. பல ஊர்களில் அவர் தலித். மழை இரவுகளில் கரையைச் சுற்றி வருவார். அரிப்பு கண்ட இடத்தை அடைப்பார். தண்ணீர் குறைந்தால் முறை வைத்து வயல் வயலாகப் பாய்ச்சுவார். இருக்கும் தண்ணீருக்கு எவ்வளவு நிலம் விளையும் என்பதை மட்டம் பார்த்தே சொல்வார். களத்தில் அளந்து போடும் நெல்தான் கூலி.

ஆயக்கட்டில் பெரும்பாலும் அவருக்கு நிலம் கிடையாது. நிலமில்லாதவர் எந்தப் பக்கமும் சாயமாட்டார் என்று ஊர் அதற்கு நியாயம் சொன்னது. நிலத்தை மறுத்த சாதியே, நிலமில்லாததை நம் தகுதியாகவும் ஆக்கிக்கொண்டது.

அரசும் இதை மாற்றவில்லை. வெள்ளத்தில் கரை காக்க ஊர்க்காரர்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்க 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. அது உழைப்பைக் கேட்டது. உழைத்தவருக்குத் தண்ணீரில் பங்கு கொடுக்கவில்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் நம் மக்களின் நிலமற்ற நிலையை அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நிலத்துக்கு வழி பிறந்தது. அந்த நிலங்களும் ஏராளமாகப் பிறர் கைக்குப் போயின. பிறகு 2000ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை அமைத்தது. ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவரே அதில் உறுப்பினர். மடையைத் திறந்து மூடியவருக்கு வாக்கில்லை.

இன்று நீர்க்கட்டிகளின் பிள்ளைகள் அந்த வேலையை விட்டு வெளியேறுகிறார்கள். வெளியேறுவது அவர்கள் உரிமை. பழைய முறையை அப்படியே மீட்போம் என்பவர்கள், பழைய அடிமைத்தனத்தையும் சேர்த்தே மீட்கிறார்கள். நாம் அதற்கு உடன்பட முடியாது. ஆனால் அவர்களோடு வெள்ளத்தையும் வறட்சியையும் கையாண்ட அறிவும் போய்விட்டால், எத்தனை கோடிக்குக் கரையை உயர்த்தினாலும் அடுத்த மழையில் எந்த மடையை எப்போது திறப்பது என்று சொல்ல ஆளிருக்காது.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. கண்மாய்க் காவலுக்கு அரசுச் சம்பளம் வேண்டும். எந்தச் சாதியினரும் அந்த வேலைக்கு வரட்டும். நிலமில்லாதவருக்கும் பாசனச் சங்கத்தில் வாக்கு வேண்டும். மீட்கும் பஞ்சமி நிலத்துக்குத் தண்ணீர்ப் பங்கும் சேர்த்தே தரப்பட வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை உண்டு. உங்கள் சேரியின் முதியவர்களிடம் போங்கள். கரை எந்த ஆண்டு, எந்த இடத்தில் உடைந்தது, யார் அடைத்தார்கள், என்ன கூலி பெற்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அரசு ஆவணத்தில் இல்லாத அந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.