பாறை ஆய்வில் நிலம் ஊடுருவும் ரேடார்

தரையில் வெளித்தெரியும் பாறையின் உட்புறத்தை, அதை உடைக்காமல் ரேடியோ அலைகளால் அறியும் முறை. பாறைமேல் நகர்த்தப்படும் ஆண்டெனா குறுந்துடிப்புகளை உள்ளே அனுப்புகிறது. அடுக்கு மாறும் இடத்திலும் வெடிப்பிலும் பட்டு அவற்றில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. வர எடுத்த நானோவினாடிகளிலிருந்து ஆழத்தைக் கணிக்கிறார்கள்.

புதைபொருளை ரேடியோ அலையால் தேடும் முறைக்கு ஜெர்மனியில் லைம்பாக், லோவி இருவரும் 1910இல் காப்புரிமை கோரினர். ஆனால் முறை வளர்ந்தது பாறையில் அல்ல, பனியில். 1929இல் ஸ்டெர்ன் ஆஸ்திரியப் பனியாறு ஒன்றின் தடிமனை அளந்தார். 1960களில் அண்டார்டிகா, கிரீன்லாந்துப் பனிப்பாளங்கள் அளக்கப்பட்டன. உலர்ந்த கருங்கல்லும் மணற்பாறையும் சுண்ணாம்புப் பாறையும் அலைக்கு ஓரளவு வழிவிடும். களிமண் கலந்த பாறையிலோ உப்புநீர் ஊறியதிலோ அலை சீக்கிரமே அடங்கிவிடும்.

வெளித்தெரியும் பாறைகள்மேல் ரேடார் பெருமளவில் ஏறியது 1990களில். இதில் எண்ணெய்த் துறையின் தேவைக்குப் பெரும் பங்குண்டு. இரண்டு எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே மணற்பாறை எப்படிக் கிடக்கிறது என்பது பெரும்பாலும் ஊகம்தான். அதே வகைப் பாறை செங்குத்தாக வெட்டுண்டு நிற்கும் இடத்தில் அடுக்குகளைக் கண்ணாலேயே படிக்கலாம். மேற்பரப்பில் ரேடாரை ஓட்டினால் முகப்புக்குப் பின்னால் அவை எங்கே போகின்றன என்பதும் தெரியும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சுமார் 9 கோடி ஆண்டுப் பழமையான ஃபெரான் மணற்பாறையில் ஜார்ஜ் மெக்மெக்கனின் டெக்சஸ் பல்கலைக்கழக (டாலஸ்) குழு இதைச் செய்தது. துளையிட்டு எடுத்த பாறை மாதிரிகளையும் முகப்பின் அளவீடுகளையும் ரேடார் படத்தோடு பொருத்திப் பார்த்ததே அந்த வேலையின் பலம். மார்க் கிராஸ்மூக், சுவிட்சர்லாந்தின் நைஸ் கல் குவாரி ஒன்றில் வெடிப்புகளை முப்பரிமாணத்தில் எடுத்த ஆய்வை 1996இல் வெளியிட்டார்.

100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பாறைக்குள் ஏறத்தாழ 1 மீட்டர். அதில் கால் பங்கைவிட மெல்லிய அடுக்குகளைப் பிரித்தறிவது கடினம். அதிர்வெண்ணைக் கூட்டினால் நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். பாறை விளிம்பில் வேறொரு தொல்லையும் உண்டு. காற்று வழியே போய் எதிர்ச்சுவரிலோ மரத்திலோ பட்டுத் திரும்பும் அலை, படத்தில் பாறை அடுக்கைப் போலவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே, கண்ணால் கண்டதோடு ஒப்பிடாத ரேடார் படத்தை அப்படியே நம்புவதற்கில்லை.

2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் ரிம்ஃபாக்ஸ் ரேடார், ஜெசெரோ பள்ளத்தின் தரைக்குக் கீழே சாய்ந்து கிடக்கும் அடுக்குகளைச் சுமார் 15 மீட்டர் ஆழம்வரை காட்டியது. அவ்வூர்தி துளையிட்டு எடுக்கும் பாறை மாதிரிகளின் நீளமோ சில சென்டிமீட்டர்தான்.