பூகம்பத்துக்குப் பின் நகர் நீங்கல்: ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப் பிரதேசத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பூகம்பம் வரும் நாளையும் நாழிகையையும் முன்கூட்டிச் சொல்லும் வித்தை மனிதனுக்கு இன்னும் கைவரவில்லை. ஆதலால், புயலுக்கு முன் கடலோர ஜனங்களை அப்புறப்படுத்துவதுபோல ஒரு நகரத்தை முன்னதாகவே காலி செய்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. நிலம் நடுங்கி அடங்கிய பின்னரே, மின்சாரம் நின்று, தொலைபேசி ஓய்ந்து, சந்துகள் இடிபாடுகளால் அடைபட்ட நிலையிலேயே, ஜனங்கள் வெளியேற வேண்டியிருக்கும். ஓசூர் முதல் கிருஷ்ணகிரி வரை விரிந்துள்ள தொழிற்பிரதேசத்தில் அந்த வெளியேற்றம் உயிர்களைக் காப்பதாக அமைய வேண்டுமாயின், நடந்து சேரத்தக்க, முன்னரே சோதித்து வைத்த திறந்த வெளிகளை அது ஆதாரமாகக் கொள்ள வேண்டும் என்பதும், மாநில எல்லையின் இருபுறத்தையும் ஒரே நிலமாகக் கருதி அதை வகுக்க வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

இப்பிரதேசம் தொன்மையான கருங்கல் பாறையின்மேல் அமைந்தது, இங்கே பெரும் பூகம்பத்துக்கு ஏது இடம் என்ற ஆக்ஷேபம் உடனே எழும். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. இமயத்தின் அடிவாரத்துக்குள்ள அபாயம் தக்காணத்துக்கு இல்லை. ஆயினும், 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 ரிக்டர் அளவுள்ள பூகம்பம் நிகழ்ந்தது. 1984 மார்ச் 20 அன்று ஓசூர்–தேன்கனிக்கோட்டைப் பகுதியே 5-க்குக் குறைந்த அளவுள்ள அதிர்வொன்றின் மையமாயிற்று. 2002-இல் திருத்தப்பட்ட பூகம்ப அபாய மண்டலங்களை வகுக்கும் இந்தியத் தரநிலை எண் 1893, பெங்களூரை இரண்டாம் மண்டலத்திலும் தருமபுரியை அதனினும் அபாயம் மிகுந்த மூன்றாம் மண்டலத்திலும் வைத்தது. ஓசூர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஊர். மண்டல வரைபடத்தை மட்டும் நம்பி அமைதி கொள்வதன் விபரீதத்தை, 1993 செப்டம்பர் 30 அதிகாலை 3.56 மணிக்கு மகாராஷ்டிரத்தின் கில்லாரி வட்டாரக் கிராமங்களைத் தாக்கிய பூகம்பம் காட்டிற்று. அன்றைய வரைபடத்தில் மிகக் குறைந்த அபாய மண்டலத்தில் இருந்த அக்கிராமங்களில், மண்சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவர்கள் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சரிந்து 7,500-க்கு மேற்பட்டோரைக் கொன்றன.

வெளியேற்றம் என்ற செயலே அபாயத்தை விளைவிக்கக்கூடும் என்பதற்குச் சரித்திரத்தில் சான்றுகள் உண்டு. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் அஞ்சார் நகரில், குடியரசு நாள் ஊர்வலமாகச் சென்றுகொண்டிருந்த பள்ளிக்குழந்தைகள் குறுகிய தெருவொன்றில் இருந்தபோது பூமி அதிர, இருபுறத்துக் கட்டடங்களும் அவர்கள்மேல் இடிந்து விழுந்தன. 185 மாணவரும் 20 ஆசிரியரும் மாண்டனர். தெருவின் அகலத்தைவிட இருபுறச் சுவர்களின் உயரம் மிகுமானால், அத்தெரு வெளியேறும் பாதையாகாது என்பது இதன் பாடம். 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவில், ஹொன்ஜோ ராணுவ உடைக் கிடங்கு இருந்த விசாலமான வெற்றிடத்தில், படுக்கையும் பெட்டியும் சுமந்துவந்த பல்லாயிரம் ஜனங்கள் தஞ்சம் புகுந்தனர். சூழ எரிந்த நெருப்பு அம்மூட்டைகளைப் பற்றிக்கொள்ள, சுழற்காற்றாய் எழுந்த தீயில் ஏறத்தாழ 38,000 பேர் அந்த ஓரிடத்திலேயே மடிந்தனர். வெட்டவெளி என்ற ஒன்றே பாதுகாப்பாகிவிடாது. அதைச் சூழ்ந்திருப்பது எது, அதற்குள் ஜனங்கள் கொண்டுவருவது எது என்பவற்றையும் திட்டம் கணக்கிட வேண்டும். இதை உணர்ந்த டோக்கியோ, மறுநிர்மாணத்தின்போது ஆரம்பப் பள்ளிகளை ஒட்டி 52 சிறு பூங்காக்களை அமைத்தது.

இப்பாடங்களை ஓசூருக்குப் பொருத்துங்கால், முதலில் எண்ண வேண்டியது ஜனங்களை எந்தக் கணக்கால் அளப்பது என்பதாகும். 2011 ஜனத்தொகைக் கணக்கு நகராட்சிப் பகுதிக்கு 1,16,000-க்கு மேற்பட்ட எண்ணிக்கையைத் தருகிறது; அதன்பின் எல்லை விரிந்து, 2019-இல் ஓசூர் மாநகராட்சியாகிவிட்டது. ஆனால் இவ்வூரின் ஜனங்கள் ஷிப்டுக்கு ஷிப்டு இடம் மாறுகிறவர்கள். கில்லாரியில் நேர்ந்ததுபோல அதிகாலை 3.56 மணிக்கு நிலம் நடுங்குமாயின், ஒரு பகுதியினர் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளில் இயந்திரத்தின் முன் நிற்பர். ஒரு பகுதியினர் லைன் வீடுகளில் ஓர் அறைக்கு நால்வர் ஐவராய் உறங்குவர். பெண் தொழிலாளர்கள் அடுக்குமாடி விடுதிகளில் இருப்பர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களுக்கு ஊரின் சந்துகளும் தெரியா, ஒலிபெருக்கியின் தமிழும் முழுதும் விளங்காது. ஆகவே வெளியேற்றக் கணக்கின் அலகு ஷிப்டாக இருத்தல் வேண்டும். அறிவிப்பு தமிழோடு தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா ஆகிய மொழிகளிலும் முன்பே பதிவுசெய்யப்பட்டிருத்தல் வேண்டும்.

ஆலைகளுக்கு வெளியேற்றம் புதிதன்று; தீயணைப்பு ஒத்திகை நடத்தாத பெரிய ஆலை அரிது. சைரன் ஒலித்ததும் வரிசையாக வெளிவந்து, பச்சைப் பலகை நட்ட கூடுமிடத்தில் நின்று தலையெண்ணிக்கை கொடுப்பதே அதன் முறை. அக்கூடுமிடம் பெரும்பாலும் பிரதான வாயிலை ஒட்டியே அமைகிறது. அவ்வாயிலுக்கு அப்பால் அடுத்த ஆலையின் எரிவாயுத் தொட்டியோ அமில உருளைகளோ இருக்குமாயின், தன் ஆலையின் தீயிலிருந்து தப்பியவன் அண்டை ஆலையின் நச்சுக்காற்றில் நிற்க நேரும். 1999 ஆகஸ்டு 17 அன்று துருக்கியின் இஸ்மித் தொழிற்பிரதேசத்தைப் பூகம்பம் தாக்கியபோது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நாட்கணக்கில் எரிந்தது. இடிபாடுகளில் உயிரோடு சிக்கியவர்களைத் தேடிக்கொண்டிருந்த வேளையிலேயே சுற்றுப்புற ஜனங்களை அகற்ற வேண்டியதாயிற்று. ஒரே கணத்தில் பல ஆலைகளை ஒருங்கே தாக்கும் பூகம்பத்துக்கு, தனித்தனி ஆலையின் ஒத்திகை போதாது. காற்றுத் திசை மாறினால் மாற்றிக்கொள்ளத்தக்க இரண்டு கூடுமிடங்களேனும் ஒவ்வோர் ஆலைத் தொகுதிக்கும் வேண்டும்.

வெளியேறுபவர்களுக்கு எவ்வளவு நிலம் தேவை? சற்று நேரம் நிற்பதற்கு ஆளுக்கு 2 சதுர மீட்டர் என்று கொண்டால், ஓர் ஏக்கரில் 2,000 பேர் நிற்கலாம். அதற்குப் பள்ளி மைதானங்களும் சிப்காட்டின் வெற்றுமனைகளும் ஓரளவு ஈடுகொடுக்கும். நாட்கணக்கில் தங்குவதாயின், சர்வதேச நிவாரண நெறிகள் சொல்லும் 45 சதுர மீட்டர் கணக்கில் ஓர் ஏக்கருக்கு 90 பேரே அடங்குவர். 1,16,000 பேருக்குச் சுமார் 1,300 ஏக்கர் வேண்டியதாகிறது. இவ்வளவு பரந்த நிலம் ஓசூருக்கு அருகில் ஓரிடத்தில் இருக்கிறது. 1824-இல் குதிரைப் பண்ணையாகத் தொடங்கிய மத்திகிரி அரசுக் கால்நடைப் பண்ணை சுமார் 1,600 ஏக்கர் பரப்புடையது. வளர்ச்சியின் பெயரால் இத்தகைய நிலத்தைத் துண்டு துண்டாக வேறு காரியங்களுக்குக் கொடுக்குமுன், அது இந்நகரத்தின் கடைசிப் புகலிடம் என்பதை ஆட்சியாளர் நினைவில் கொள்ள வேண்டும். தூர்க்கப்பட்ட ஏரிப் படுகைகள் இதற்கு ஈடாகா. மென்மண் அதிர்வைப் பெருக்கும் என்பதை 1985-இல் மெக்சிகோ நகரம் பிரத்தியட்சமாகக் காட்டிற்று.

இவ்வெளிகளுக்கு நடப்பதை விட்டு, வாகனமேறித் தப்பலாமென்று நெடுஞ்சாலையை ஏன் நம்பலாகாது என்பதற்கு இவ்வூரின் அன்றாட நெரிசலே சாட்சி. சேலத்தையும் பெங்களூரையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அமைதியான நாளிலேயே லாரிகளால் திணறுகிறது. பூகம்ப நாளில் ஆம்புலன்சும், அரக்கோணத்திலிருந்து வரவேண்டிய தேசியப் பேரிடர் மீட்புப் படையும் அதே சாலையைத்தான் நம்பியிருக்கும்.

எல்லையைப் பற்றிய பிரச்சினை இதனினும் கடினமானது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் கலெக்டரைத் தலைவராகக் கொண்ட மாவட்ட ஆணையத்தை நிறுவி, மாவட்டத் திட்டத்தை வகுக்கச் சொல்கிறது. 1989-ஆம் ஆண்டின் அபாய ரசாயன விதிகள், ஆலைக்கு வெளியே பரவும் விபத்துக்கும் திட்டம் கோருகின்றன. இவ்விரு திட்டங்களும் மாவட்டத்தின் ஓரத்தோடு நின்றுவிடுவன, ஜனங்களோ நிற்பதில்லை. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தால் இரு மாநிலப் பேருந்துகளும் எல்லையில் நின்றபோது, பிரயாணிகள் மூட்டை முடிச்சுகளோடு கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளிக்கும் தமிழ்நாட்டுப் பக்கத்து ஜூஜுவாடிக்கும் இடையே நடந்தே கடந்தனர். 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளிப் பட்டாசுக் கிடங்கு எரிந்தபோது, மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குச் சென்ற இளைஞர்கள். ஓர் அதிர்வு பெங்களூரையும் ஓசூரையும் ஒருங்கே உலுக்குமாயின், வடக்கிலிருந்து வீடு திரும்புவோரும் தெற்கிலிருந்து பெரிய மருத்துவமனைகளை நாடுவோரும் அதே எல்லையில் எதிரெதிராகச் சந்திப்பர்.

ஆகவே கிருஷ்ணகிரி கலெக்டரும் பெங்களூர் நகர்ப்புற மாவட்டத்தின் ஆட்சியரும் கூட்டாக ஒப்பமிட்ட ஒரே திட்டம் வேண்டும். ஆண்டுக்கொரு முறை, அதுவும் இரவு ஷிப்டில், ஆலையும் விடுதியும் லைன் வீடும் பங்குகொள்ளும் ஒத்திகை வேண்டும். மத்திகிரிப் பண்ணைக்குச் செல்லும் பாதைகளையும் வழியிலுள்ள ரயில் பாதையைக் கடக்கும் இடங்களையும் பொறியாளர்கள் சோதித்து, தாங்கும் தாங்காது என்று எழுத்தில் தர வேண்டும். பெரும் பூகம்பம் வராமலே ஒரு தலைமுறை கழியலாம். அப்போதும் இச்செலவு வீணாகாது, ஏனெனில் தீக்கும் நச்சுக்காற்றுக்கும் இதே வெளிகளும் இதே பாதைகளுமே பயன்படும். வேறு ஊர்களிலிருந்து உழைப்பைத் தருவித்துச் செழிக்கும் ஒரு நகரம், அந்த உழைப்பாளிக்கு ஓடி நிற்க ஓரிடத்தை அடையாளம் காட்டுவது தயையன்று, கடமை.