அடுப்பு மேடையும் ஒரு அமெரிக்க காண்ட்ராக்டரும்

ஆடி மாசம் ஒரு காலைல அம்மா சமையலறையில விழுந்துட்டாங்க. பெரிய அடி இல்லை, மணிக்கட்டுல சின்னதா ஒரு விரிசல். ஆறு வாரம் கட்டு. விழுந்தது ஈரத் தரையில வழுக்கி இல்லை. மேடைக்கு முன்னாடி ஒரு மரப்பலகை போட்டிருப்பாங்க, அதுல ஏறி நின்னுதான் சமைப்பாங்க. அந்தப் பலகை சறுக்கிடுச்சு.

அந்தப் பலகையை நான் பொறந்ததுல இருந்து பார்க்கறேன். அது ஏன் அங்க கிடக்குதுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்லை. ஆறு வாரம் நானும் அப்பாவும் மாத்தி மாத்தி சமைச்சோம் (சமைச்சோம்னு சொல்றது கொஞ்சம் ஓவர்தான், ரசம், முட்டை, மறுபடியும் ரசம் :-)). அப்பதான் ஒண்ணு உறைச்சுது. எங்க ரெண்டு பேருக்குமே அந்த மேடை அளவெடுத்து தச்ச சட்டை மாதிரி கச்சிதமா இருந்துச்சு. டேப் எடுத்து அளந்தேன். 35 இஞ்ச். அம்மாவோட உயரம் 4 அடி 10 இஞ்ச்.

அப்பாகிட்ட கேட்டேன். வீடு கட்டினது 1997. அப்ப நான் பொறக்கப் போறேன்னு அம்மா தாய்வீட்டுல. கடப்பா கல்லு போடற அன்னைக்கு மேஸ்திரி, "சார், இப்படி வந்து நில்லுங்க"ன்னு அப்பாவை நிக்க வெச்சு, இடுப்புக்குப் பக்கத்துல செவுத்துல ஒரு கோடு போட்டாராம். அவ்வளவுதான். அப்பா 5 அடி 10 இஞ்ச். அந்த மேடையில அவர் இத்தனை வருஷத்துல பண்ணினது காபி மட்டும்தான். அம்மா கைக்குழந்தையோட திரும்பி வந்தப்போ கல்லு போட்டு பூச்சும் முடிஞ்சிருந்துச்சு. பலகை அன்னைக்கே வந்துடுச்சு போல.

சரி, சமையலறையை இடிச்சுட்டு புதுசா கட்டிடலாம்னு முடிவு பண்ணினோம். காண்ட்ராக்டர் தேடற படலம் ஆரம்பம். முதல்ல ஒரு மாடுலர் கிச்சன் ஷோரூம். டை கட்டின ஒரு பையன் லேசர் மீட்டரோட வந்தான். ரெண்டு நிமிஷத்துல செவுரு, ஜன்னல், பைப் எல்லாம் அளந்துட்டு லேப்டாப்புல முப்பரிமாணப் படம் காட்டினான். சூப்பரா இருந்துச்சு. 4.25 லட்சம். மேடை 34 இஞ்ச், அதை மாத்த முடியாது, கேபினெட் எல்லாம் அந்த அளவுலதான் ஃபேக்டரியில இருந்து வருமாம். அடுத்து ஒரு இன்டீரியர் காண்ட்ராக்டர். ஆகற செலவுல 12 சதவீதம் அவருக்கு. மூணாவது எங்க ஏரியாவுல வேலை பார்க்கற ஒரு வயசான மேஸ்திரி. மூணு பேரும் வீட்டுல எல்லாத்தையும் அளந்தாங்க. ஹால்ல கையில கட்டோட உட்கார்ந்திருந்த அம்மாவை யாரும் அளக்கலை. யாரு சமைப்பாங்கன்னு ஒருத்தர்கூட கேட்கலை.

இந்த இடத்துலதான் எனக்கு காலேஜ்ல படிச்ச (சரி, பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படிச்ச) ஒரு பேர் ஞாபகம் வந்துச்சு. கில்பிரெத். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பாடத்துல 'தெர்ப்ளிக்'னு ஒரு ரெண்டு மார்க் கேள்வி வரும், கையசைவோட அடிப்படை அலகு. கில்பிரெத்ங்கிற பேரை ஆங்கிலத்துல திருப்பிப் போட்டா வர்ற சொல்லு அது. அந்தாளு யாருன்னு அப்ப எங்க சாரும் சொல்லலை, நாங்களும் கேட்கலை. இப்ப தேடிப் படிச்சா, அவரே ஒரு பில்டிங் காண்ட்ராக்டர்!

ஃபிராங்க் கில்பிரெத் 1868-ல் பிறந்தவர். எம்.ஐ.டி. நுழைவுத் தேர்வில் பாஸ் பண்ணியும் காலேஜுக்குப் போகாமல், 1885-ல், 17 வயசில், செங்கல் அடுக்கும் கொத்தனாரிடம் கையாளாகச் சேர்ந்தார். சேர்ந்ததும் அவர் கவனித்தது ஒரு வேடிக்கையான விஷயம். ஒரே கொத்தனார், தொழில் கத்துக் கொடுக்கும்போது ஒரு மாதிரி அடுக்குகிறார், வேகமா முடிக்கணும்னா வேறு மாதிரி, மெதுவா இழுக்கணும்னா இன்னொரு மாதிரி. அப்ப இதில் எதுதான் சரியான முறை? பையன் ஒவ்வொரு அசைவாக எண்ண ஆரம்பித்தான்.

ஒரு செங்கலுக்கு 18 அசைவுகள் இருந்தன. அதை அவர் 5-க்குக் கொண்டு வந்தார். மணிக்கு 120 செங்கல் வைத்த ஆள் 350 வைத்தார். எப்படி? பெரும்பாலும் ஒரே ஒரு விஷயம்தான், குனியறது. அதுவரை செங்கலும் கலவையும் கொத்தனாரின் காலடியில் கிடக்கும். ஒவ்வொரு கல்லுக்கும் அவர் குனிந்து எடுக்க வேண்டும். 1911-ல் வந்த ஃபிரெடரிக் டெய்லரின் புத்தகத்தில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: 5 பவுண்டு செங்கலைத் தூக்க, 150 பவுண்டு உடம்பை ரெண்டடி இறக்கி ஏற்றுகிறான் மனுஷன், ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை. கில்பிரெத் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு சாரம் செய்தார். சுவர் உயர உயர சாரமும் உயரும். செங்கலும் கலவையும் எப்பவும் கை எட்டும் உயரத்தில் ஒரு பலகை மேல இருக்கும். இத்தனை ஆயிரம் வருஷமா மனுஷன் சுவர் கட்டறான், கல்லை மேல வைக்கலாமேன்னு ஒருத்தருக்கும் தோணலையா? தோணியிருக்கும். குனியறவன் வேற, யோசிக்கறவன் வேறயா இருந்திருப்பான். இந்தாளு ரெண்டும் பண்ணினார், அதான் வித்தியாசம்.

1895-ல் பாஸ்டனில் சொந்தமாக காண்ட்ராக்ட் தொழில் தொடங்கினார். அங்கேயும் ஒரு வேலை பண்ணினார் பாருங்க. செலவுல இத்தனை சதவீதம்னு காண்ட்ராக்டருக்குக் கொடுத்தா என்ன ஆகும்? செலவு ஏற ஏற அவருக்கு லாபம். சிக்கனமா வேலை செய்ய அவருக்கு என்ன தலையெழுத்து? மொத்தமா ஒரு தொகை பேசிட்டா அது வேற வம்பு, சிமெண்டுல கை வைப்பாங்க. கில்பிரெத் முன்வைத்தது மூணாவது வழி: ஆன செலவை உரிமையாளர் கொடுக்கட்டும், காண்ட்ராக்டருக்கு முன்கூட்டியே பேசின நிலையான ஒரு தொகை மட்டும். செலவு கூடினாலும் குறைஞ்சாலும் அது மாறாது.

இதைப் படிச்சுட்டு உலகத்தையே கண்டுபிடிச்ச மாதிரி நம்ம மேஸ்திரிகிட்ட போய் சொன்னேன். பொருளுக்கு பில்லு எங்களோடது, உங்க வேலைக்கு ஒரே தொகைன்னு. அவர் என்னைப் பாவமா பார்த்துட்டு, "அதுக்குப் பேரு லேபர் காண்ட்ராக்ட் தம்பி, எங்கப்பா காலத்துல இருந்து நாங்க பண்றோம்"னார். போச்சுடா!

நான் சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டறவன்ங்கிறதால இன்னொரு கொசுறு. தினமும் நாங்க வரையற ஃப்ளோசார்ட்டுக்கும் மூதாதை இவர்தான். 1921-ல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தில் 'பிராசஸ் சார்ட்' என்று ஒன்றை வைத்தார். பெட்டி போட்டு அம்புக்குறி போடறது அங்கிருந்து கிளம்பினது.

ஆனா சமையலறைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? மனைவி வழி சம்பந்தம். லில்லியன் கில்பிரெத். 1904-ல் கல்யாணம். பன்னிரண்டு பிள்ளைகள். நடுவில் 1915-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். 1914-ல் நிர்வாக உளவியல் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் பெயர் எல்.எம். கில்பிரெத் என்று மட்டும் அச்சானது. எழுதினது பொம்பளைன்னு தெரிஞ்சா யாரு வாங்குவாங்கன்னு பயம். (இவங்க வீட்டுக் கதையைத்தான் ரெண்டு பிள்ளைகள் 'சீப்பர் பை த டஜன்'னு 1948-ல் புத்தகமா எழுதினாங்க. 2003-ல் அதே பேரில் வந்த படத்துக்கும் இவங்களுக்கும் பேரும் பிள்ளைங்க எண்ணிக்கையும்தான் ஒற்றுமை.)

1924 ஜூனில் ஃபிராங்க் மாரடைப்பில் போய்விட்டார். வீட்டில் பதினோரு பிள்ளைகள், மூத்தவளுக்கு 18, கடைசிக்கு 2. அதுவரை ரெண்டு பேரும் சேர்ந்துதான் தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை சொல்லி வந்தார்கள். அவர் போனதும் பல கம்பெனிகள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பொம்பளை வந்து ஃபேக்டரிக்கு யோசனை சொல்றதா? சரி, பொம்பளைன்னா சமையலறைதானேன்னு நீங்க நினைக்கறீங்களா, நான் அங்கிருந்தே ஆரம்பிக்கறேன்னு இந்தம்மா கிளம்பிட்டாங்க. இத்தனைக்கும் அவங்களுக்கு சமைக்கப் பிடிக்காது. வீட்டுச் சமையலறையோ ஓட்டை உடைசல்.

1929-ல் புரூக்ளினில் ஒரு கேஸ் கம்பெனிக்காக 'கிச்சன் பிராக்டிகல்' என்ற மாதிரிச் சமையலறையை வடிவமைத்தார். அடுப்பும் மேடையும் பக்கத்துப் பக்கத்தில், பாத்திரம் கீழே, மளிகை மேலே, ஃபிரிட்ஜ் எட்டும் தூரத்தில். கூடவே மேடை உயரத்துக்கே ஒரு தள்ளுவண்டி. ஸ்ட்ராபெரி கேக் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். பழைய சமையலறையில் 281 எட்டு நடக்க வேண்டியிருந்தது, புதிதில் 45. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்காக 4,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பேட்டி எடுத்தார். எதற்கு? அடுப்பும் சிங்க்கும் எந்த உயரத்தில் இருக்கணும்னு கேட்க. புருஷன் கொத்தனாருக்குச் செய்த அதே சாரம்தான் இது. வேலையை ஆளோட கைக்குக் கொண்டு வா, ஆளை வேலைக்கு வளைக்காதே.

சமையலறை வரலாறுன்னா பொதுவா எல்லாரும் எழுதறது 1926-ன் பிராங்க்ஃபர்ட் சமையலறையைப் பத்தி. மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைச்சது, 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், சுமார் 10,000 வீடுகள்ல போட்டாங்க. இன்னைக்கு ஷோரூம்ல விக்கற மாடுலர் கிச்சனுக்கு அதைத்தான் பாட்டின்னு சொல்வாங்க. அதுவும் பெரிய விஷயம்தான், மறுக்கலை. ஆனா ஒரே அளவுல பத்தாயிரம்ங்கிறதுலதான் எனக்கு இடிக்குது. கேபினெட்டும் அடுப்பும் ஃபேக்டரியில மொத்தமா வர ஆரம்பிச்சதும், ஆளுக்கொரு உயரம்னு லில்லியன் சொன்னது காத்துல போச்சு. அமெரிக்காவுல 36 இஞ்ச்தான் அளவுன்னு ஆயிடுச்சு. நம்ம ஊர் ஷோரூம்ல அதுல ரெண்டு இஞ்ச் குறைச்சு 34-ன்னு வெச்சிருக்காங்க. நம்ம பொம்பளைங்களோட சராசரி உயரம் 5 அடிக்கு ஒட்டி. அவங்க எல்லாரும் எக்கி நின்னு தாளிக்கறாங்களா, இல்ல ஆளுக்கொரு பலகை வெச்சிருக்காங்களா?

எங்க பாட்டி கிராமத்துல உட்கார்ந்துதான் சமைப்பாங்க. தரையோட அடுப்பு, அரிவாள்மணை, அம்மி எல்லாம் அவங்க இடத்துல. புகைதான் கண்ணை எரிக்கும், உயரப் பிரச்சினை கிடையாது. கேஸ் அடுப்பு வந்து சமையல் மேடைக்கு ஏறினப்போதான் யாரோட உயரத்துக்குங்கிற கேள்வியே வந்திருக்கணும். எங்க வீட்டுல அதுக்கு அப்பாதான் பதிலா நின்னிருக்கார்.

மேஸ்திரியையே முடிவு பண்ணிட்டோம். 1.9 லட்சத்துக்குள்ள முடியும்ங்கிறார், பொருள் எங்களோடது. போன ஞாயித்துக்கிழமை ஒப்பந்தம் எழுதினோம். நான் கில்பிரெத் கதையெல்லாம் சொல்லலை. "மேஸ்திரி, அம்மாவை நிக்க வெச்சு அளவு எடுங்க"ன்னு மட்டும் சொன்னேன். அவர் தலையைச் சொறிஞ்சுட்டு, "நியாயம்தான். வாங்கம்மா"ன்னார். அம்மா கூச்சப்பட்டுட்டே பலகை இல்லாம வந்து நின்னாங்க. முழங்கையை மடக்கச் சொல்லி அளந்தோம், 36 இஞ்ச். காய் நறுக்கற இடம் அதுக்கு நாலு இஞ்ச் கீழ, 32. அடுப்பு வைக்கற பக்கம் இன்னும் மூணு இஞ்ச் இறக்கி 29, ஏன்னா அடுப்போட உயரமும் குக்கரோட உயரமும் அதுக்கு மேல ஏறும்ல. மேடையில படி விட்டா பார்க்க நல்லா இருக்காது, நாளைக்கு வீட்டை விக்கணும்னா கஷ்டம்னு மேஸ்திரி ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். விக்கறப்ப பார்த்துக்கலாம்னு அம்மாவே சொல்லிட்டாங்க.

மேஸ்திரி சாக்பீஸ்ல செவுத்துல கோடு போட்டார். அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாங்க. கையை வெச்சு, தோசை திருப்பற மாதிரி ரெண்டு தடவை ஆட்டிப் பார்த்தாங்க. அப்புறம் முந்தானையால கோட்டை அழிச்சுட்டு, சாக்பீஸை வாங்கி அரை இஞ்ச் கீழ இன்னொரு கோடு போட்டாங்க.

நாளைக்கு இடிக்க ஆரம்பிக்கறாங்க. மூணு வாரத்துக்கு ஹால்ல இண்டக்‌ஷன் அடுப்புதான், மறுபடியும் ரசம்தான். காபி போட இனிமே குனியணுமேன்னு அப்பா இப்பவே முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டார்.